திரும்பிப் போனவளுக்கும் ஒரு கோடு

என் பாசத்துக்குரிய மணி அண்ணே,

நீ போய் இரண்டு வருஷம் ஆகிறது. உனக்கு எழுத உட்காரும்போதெல்லாம் அழுகை வந்து எழுந்துவிடுவேன். இன்றைக்கு எழுந்திருக்க மாட்டேன். உன்மேல் கோபம் இருந்தது. அதைச் சொல்லிவிட்டுத்தான் மற்றது.

போன மாசம் லங்காவியிலிருந்து காக் ஜைத்தோன், அந்த மலாய்க்கார அக்கா, போன் செய்தார். நீ வேலை பார்த்த கடலாமைப் பாதுகாப்புக் கூடாரத்தை இப்போது அவர்தான் கவனிக்கிறார். "ராஜி, உன் அண்ணன் எழுதின புக்கு எல்லாம் எடுத்துட்டு வாலா" என்றார். கடற்கரைச் சாலேக்காரர்கள், அந்தத் தங்கும் விடுதி நடத்துகிறவர்கள், ஆமை முட்டையிடும் பருவத்திலும் மணலைப் பார்த்து விளக்குப் போட அனுமதி கேட்கிறார்களாம். அதற்கு ஊர்ப் பொது மண்டபத்தில், பாலாய் ராயாவில், கூட்டமாம். அவர்கள் காட்டும் ஆதாரம் என்ன தெரியுமா? கூடாரத்து வாசலில் உன் படத்தோடு நிற்கும் பலகை. "மணி எண்ணினதைப் பாருங்க. வெளக்கு வந்தப்புறம் ஆமை கூடித்தானே போயிருக்கு?" என்கிறார்களாம்.

எனக்குப் பெருமையாகவும் இருந்தது, பயமாகவும் இருந்தது.

உன் நோட்டுகள் சிடாம் கிரியில் நம் வீட்டுச் சாமி அலமாரிக்குக் கீழே இருந்தன. ஞாயிற்றுக்கிழமை விடுமுறையில் எல்லாவற்றையும் பிரித்துக் கூட்டினேன். கூலிம் ஹைடெக்கில் எலக்ட்ரானிக்ஸ் ஆலையில் பதினாறு வருஷமாகத் தரச் சோதனையில் இருக்கிறேன். பழுதாகி ஒட்டவைக்கப் போன சர்க்யூட் பலகை திரும்பி வந்தால் அதைப் புதுசாக எண்ணக் கூடாது. அதே நம்பர், அதே சரக்கு. இந்தப் பழக்கத்தோடு உன் நோட்டைப் பார்த்தேன். இரண்டாவது பக்கத்திலேயே கை நின்றுவிட்டது.

அண்ணே, நீ ஆமைகளை எண்ணவில்லை. பெரட்டு எடுத்திருக்கிறாய்.

ரப்பர் தோட்டத்தில் ஆட்களை மேய்க்கும் மண்டோராக இருந்தபோது நீ கணக்கெழுதும் கிராணியோடு போட்ட சண்டை எனக்கு ஞாபகம் இருக்கிறது. விடியற்காலையில் பேர் கூப்பிடும் பெரட்டுக்கு வந்து வரிசையில் நின்றவர்களை, மழை என்று சொல்லித் திருப்பி அனுப்புவார்கள். வேலை இல்லை என்றால் பெயருக்கு நேராகக் கோடும் இல்லை. நீ மட்டும் விடமாட்டாய். "வந்தவன் வந்தவன்தான்யா. மழை பேஞ்சா அவன் என்ன பண்ணுவான்? கோட்டப் போடு!" என்று கத்துவாய். உனக்கு அப்படி ஒரு மனசு.

அதே மனசோடு கடற்கரைக்கும் போயிருக்கிறாய். காலையில் மணலில் தடம் இருந்தால் ஒரு கோடு. ஒரே தாய் இரண்டு வாரம் கழித்துத் திரும்ப முட்டையிட வந்தால் இன்னொரு கோடு. வெளிச்சத்தைப் பார்த்து மிரண்டு, குழிகூடத் தோண்டாமல் கடலுக்குத் திரும்பினவள் மறுநாள் மறுபடி வந்தால் அதற்கும் ஒரு கோடு. உனக்கு முன்னால் அங்கே இருந்தவர் தாய்களை எண்ணினார். நீ வருகையை எண்ணினாய். பலகை எழுதியவர் இரண்டையும் ஒரே வரிசையில் எழுதிவிட்டார். நீயும் அதன் பக்கத்தில் நின்று பல் தெரியச் சிரித்துப் படம் எடுத்துக்கொண்டாய்.

எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை. ஆமைகள் பெருகுகின்றன என்ற நிம்மதியோடுதானே நீ கண்ணை மூடினாய்? ஆஸ்பத்திரிக் கட்டிலில்கூட, "நெறைய வர்றாளுங்க, தங்கச்சி" என்றாயே. நோட்டைக் கொடுக்காமலே இருந்துவிடலாமா என்று நினைத்தேன். கறையான் அரித்துவிட்டது என்று சொன்னால் யார் கேட்கப் போகிறார்கள்? உன் பெயராவது மிஞ்சும்.

அப்புறம்தான் ஓரத்தில் நீ பென்சிலில் எழுதியிருந்ததைப் பார்த்தேன். ஆமையின் முன்துடுப்பில் அதிகாரிகள் குத்தும் நம்பர் தகட்டுக்குத் தோடு என்று பேர் வைத்திருக்கிறாய். பார்க்க முடிந்த ஒவ்வொருத்தியின் தோட்டு நம்பரையும் கோட்டுக்குப் பக்கத்திலேயே எழுதியிருக்கிறாய். முட்டையிடாமல் போனவளுக்கு, "பாவம், சும்மா திரும்பிட்டா" என்று ஒரு வரி. சாலே கட்டிய வருஷத்துக்கு முன்னால் அந்த வரி எப்போதாவதுதான் வருகிறது. அதற்குப் பிறகு பக்கத்துக்குப் பக்கம் வருகிறது.

தோட்டு நம்பரை வைத்துத் திரும்ப எண்ணினேன். தாய்கள் குறைந்துகொண்டே வந்திருக்கிறார்கள் அண்ணே. விளக்குகள் அவர்களை விரட்ட விரட்ட, உன் கோடுகள்தான் கூடியிருக்கின்றன.

இது உனக்குத் தெரியாமலா இருந்தது? தெரிந்தும் நம்ப மனம் வரவில்லையா? இனி யாரைக் கேட்பேன்?

குவாலா கெடாவில் லங்காவி ஃபெர்ரி ஏறும்போது நோட்டுகளை மடியில் வைத்துக்கொண்டேன். காக் ஜைத்தோனிடம் முதலில் சொன்னேன். தலையைக் குனிந்துகொண்டுதான் சொன்னேன். அவர் உன் பென்சில் எழுத்தை விரலால் தடவிப் பார்த்தார். "அபாங் காவ் தக் தீப்பு, ராஜி" என்றார். உன் அண்ணன் யாரையும் ஏமாற்றவில்லை என்று அவர் சொன்னதும், அடக்கி வைத்திருந்தது எல்லாம் உடைந்து அழுதேன்.

கூட்டத்தில் நான்தான் எழுந்து பேசினேன். என் மலாய் உனக்குத் தெரியும், நொண்டி மலாய். என் அண்ணன் கூட்டியது தப்பு, எழுதியது நிஜம் என்றேன். "சும்மா திரும்பிட்டா" வரிகளை மட்டும் ஒவ்வொன்றாக மலாயில் படித்தேன். பாதியிலேயே சாலேக்காரர், போதும் என்று கையைக் காட்டினார். இந்தப் பருவம் முழுக்கக் கடல் பக்கத்து விளக்குகளை அணைக்க ஒத்துக்கொண்டிருக்கிறார்கள். அடுத்த பருவத்துக்குத் திரும்பவும் போராட வேண்டியிருக்கும்.

பலகைக்குப் புதுப் பெயின்ட் அடித்தார்கள். பழைய எண் இருந்த இடத்தில் தாய்களின் சின்ன எண்ணை என்னையே எழுதச் சொன்னார்கள். எழுதினேன். அதற்குக் கீழே 'எண்ணியவர்' என்று உன் பெயர் அப்படியேதான் இருக்கிறது. அதை அழிக்கக் காக் ஜைத்தோன் விடவில்லை.

நீ மூத்தவ என்று கூப்பிடுவாயே, பின்துடுப்பு கிழிந்தவள், அவளை இன்னும் காணோம். இவளும் உன்னை மாதிரி சொல்லாமல் போய்விட்டாளா? அவள் பெயரை நான் அடிக்கவில்லை. அதற்கு நேரே வரிசை காலியாக இருக்கிறது.

இனி விடுமுறை நாட்களில் நான்தான் அங்கே போய் எழுதுகிறேன். இடது பக்கத்தில் தாய்கள் எத்தனை என்று எழுதுவேன், அது எவ்வளவு சின்ன எண்ணாக இருந்தாலும். வலது பக்கத்தை உனக்காக விட்டிருக்கிறேன். மிரண்டு திரும்பிப் போனவளுக்கும் அங்கே ஒரு கோடு உண்டு. வந்தவள் வந்தவள்தானே, அண்ணே.

உன் கணக்கைத் திருத்திய,
உன் பெரட்டை விடாத தங்கச்சி,
ராஜி