துப்புரவான காணி

மாசி மாதம், செவ்வாய் இரவு

யோகராசா அண்ணையைத் திட்டவும் முடியவில்லை, திட்டாமல் படுக்கவும் முடியவில்லை.

ஒட்டுசுட்டானில் அவருடைய மேட்டுக்காணியில் இந்தப் போகம் பரிசோதனைக்குக் குரக்கன், அதாவது கேழ்வரகு, போட்டோம். ஒரு பாதிக்கு வேரில் வளரும் பூஞ்சணமான பங்கசு கலந்த விதை, மறுபாதிக்கு வெறும் விதை. பங்கசின் நூல்கள் மண்ணைச் சேர்த்துக் கட்டினால், அந்தப் பக்கத்து மண்கட்டி தண்ணீரில் கரையாமல் நிற்கவேண்டும். கதிர் வெட்டியாயிற்று. சோதிக்க மண்கட்டி எடுக்க இன்று எங்கள் ஆராய்ச்சி நிலைய மேலதிகாரியோடு போனேன்.

காணி முழுதும் உழுது மாவாகக் கிடந்தது.

"பெரியவர் வாறார் எண்டு சொன்னீங்கள், மிஸ். புல்லும் தாளுமாக் கிடந்தா எங்களுக்கெல்லோ வெக்கம்? நேற்று மெசின் பிடிச்சு ரெண்டு தரம் அடிச்சு விட்டனான்" என்றார் அண்ணை. பாதி பிரிக்க நான் நட்ட தடிகளையும் பிடுங்கி வேலியோரம் அழகாக அடுக்கியிருந்தார். இளநீர் வேறு.

உழவேண்டாம் என்று நான் சொன்னேனா? இல்லை. வெட்டின கையோடு யார் உழப்போகிறார்கள் என்று இருந்துவிட்டேன்.

மேலதிகாரி இளநீரைக் குடித்துவிட்டு, "காணி நல்ல துப்புரவு" என்றபடி வாகனத்தில் ஏறினார்.

உழவுக்குத் தப்பிய ஒரேயொரு கட்டியைப் பொறுக்கி வந்தேன். தண்ணீர்க் கிளாசில் போட்டு மூன்று மணித்தியாலம் ஆகிறது. ஒரு துளி கரையவில்லை. கல்லுமாதிரி இருக்கிறது.

எந்தப் பாதிக் கட்டி என்று யாரிடம் கேட்பது?