காப்பகம் என்ற சொல்

ஐப்பசி, திங்கள்

காலையிலிருந்து தூறல். களத்தில் சாமை நனைகிறது. மனசு மட்டும் துள்ளல். சந்தைக்குப் போகும் ஜீப்பின் முதுகில் எழுதியிருந்ததைச் சத்தமாகப் படித்தேன்: 'ஒலி எழுப்பவும்'. டிரைவர் திரும்பி, "பெருசு, படிச்சது போதும், ஏறு" என்றான்.

முதியோர் வகுப்பில் செல்வி டீச்சரிடம் நான் முதலில் கேட்டுக் கற்ற சொல் 'காப்பகம்'. மனநலக் காப்பகம். பட்டணத்தில் என் தங்கை சின்னப்பொண்ணு இருக்கும் இடம். இத்தனை வருஷமும் பச்சை கேட்டையும் பக்கத்துப் புளியமரத்தையும் பார்த்துத்தான் இறங்கினேன். இனி போர்டைப் படித்து இறங்குவேன்.

(முழுப் பேர் எழுதக் கை வலிக்கிறது. இனி சி.பொ.)

செவ்வாய்

மழை இல்லை. டீக்கடை டிவியில் செய்தி. சட்டசபையில் போட்ட புதுச் சட்டம் அமலுக்கு வந்துவிட்டதாம். அரசு மனநலக் காப்பகங்களுக்குப் பேர் மாறும். நடத்தப் புதுக் குழு. குணமானவர்களை வீட்டார் அழைத்துப் போக வேண்டும். யாரும் வராவிட்டால் வேறு இல்லத்துக்கு மாற்றம்.

கடைக்கார முருகேசன்: "பேர மாத்திட்டா பைத்தியம் தெளிஞ்சுடுமா, இன்னா மாமா?" பெஞ்சு முழுக்கச் சிரிப்பு. நான் சிரிக்கவில்லை.

சாயங்காலம் வார்டு நர்ஸிடமிருந்து போன். வியாழன் மதியத்துக்குள் வந்து, கையெழுத்துப் போட்டு, அழைத்துப் போக வேண்டுமாம். சி.பொ. போனை வாங்கிப் பேசினாள்.

"போர்டெல்லாம் மாத்துறாங்கண்ணா. எங்களையும் மாத்திடுவாங்களாம். சீக்கிரம் வாண்ணா."

கைநாட்டு இல்லை. கையெழுத்து! எழுதி எழுதிப் பார்த்தேன்.

புதன்

பனி. எதிர் மலை தெரியவில்லை. பையில்: அவளுக்குப் புதுச் சேலை, தேன், சாமை மாவு. எனக்குப் பேனா இரண்டு.

வருகிறேன் என்று சொல்ல நர்ஸுக்குப் போன் போட்டேன். அந்த எண் உபயோகத்தில் இல்லையாம். திரும்பவும் போட்டேன். அதே குரல்.

சாயங்கால ஜீப். திருப்பத்தூரில் பஸ்.

வியாழன்

பட்டணத்தில் வெயில். டவுன் பஸ் கண்டக்டர், "இடம் வந்தா சொல்றேன் பெரியவரே" என்றார். "வேணாங்க, நானே படிச்சுக்கறேன்" என்றேன். என்ன பெருமை!

நீள மதில் வந்தது. வெள்ளை கேட். புதுப் போர்டு. எழுத்துக் கூட்டினேன். நல்-வாழ்-வு நி-லை-யம். காப்பகம் இல்லை. இது இல்லை என்று உட்கார்ந்தே இருந்தேன். பேர் மாறும் என்று டிவியில் கேட்டது அப்போது ஞாபகம் வரவில்லை. மரத்தை நான் பார்க்கவே இல்லை.

கடைசி ஸ்டாப்பில் கண்டக்டர்: "காப்பகமா? தாண்டி வந்துட்டோமே! அது பேரு இப்போ வேறங்க."

வழியில் மறியல். திரும்பி வந்து சேரும்போது மதியம் போய்விட்டது. வாட்ச்மேன் கேட்டைப் பாதிதான் திறந்தார்.

"வேன் போய்ட்ச்சு பெரியவரே. ஆள் வராதவங்கள எல்லாம் ஏத்திட்டாங்க. ஒரு அம்மா மட்டும் ஏற மாட்டேன்னுச்சு. எங்கண்ணன் வரும், எங்கண்ணன் வரும்னு. கடைசில அதையும் ஏத்திட்டாங்க."

"எந்த இல்லம்? பேர் சொல்லுங்க. படிச்சுக் கண்டுபிடிச்சுடுவேன்."

"புதுக் கட்டடங்க. எங்கன்னு எனக்கே தெரியாது. இன்னும் பேரே வெக்கலியாம்."

வந்து போனதற்கு ஒரு கையெழுத்துக் கேட்டார். முழுப் பேரும் எழுதினேன். பிழை இல்லை. "அழகா எழுதுறீங்களே" என்றார்.

புளியமரத்தடியில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். சேலை மடியில். பேர் வைக்கட்டும். போர்டு எழுதட்டும். படித்துக்கொள்வேன்.