அண்ணன் விட்ட நாலாவது பாடம்

தொமொஹோன்,
அக்டோபர், சனிக்கிழமை

எங்க செல்ல மக கெகே ஜெய்னிக்கு,

அப்பா எழுதறேன். இது உன் கைக்கு வர்ற நேரம் நீ வேளைக்குச் சாப்பிட்டு, வயித்துல தையல் போட்ட இடம் இழுக்காம நல்லா நடமாடிட்டு இருக்கணும்னு கர்த்தரை வேண்டிட்டுத்தான் பேனாவை எடுத்தேன். இங்க நாங்க மூணு பேரும் உடம்புக்கு ஒண்ணும் இல்லாம இருக்கோம், மனசுக்கு என்னன்னு போகப் போகச் சொல்றேன். இதைப் போன்லயே சொல்லியிருக்கலாமேன்னு கேப்பே. போன்ல நீ அழ ஆரம்பிச்சா எனக்கு வாய் கட்டிப்போகுது, அங்க மழையா குளிரான்னு கேட்டுட்டு வெச்சுடறேன். மெய்ஸ் அத்தையோட மக வியாழக்கிழமை உங்க ஊருக்கு விமானம் ஏறுறா, அவ கையில இதைக் குடுத்து அனுப்பறேன். அம்மா புகையில வாட்டின மீனையும் கட்டிக் குடுக்கப் பாத்தா, ஏர்போர்ட்ல பிடுங்கி வீசிடுவாங்கன்னு சொல்லி ஒரு பாட்டில் மிளகாய்ச் சம்பலோட நிறுத்தினேன். மூடியை மெதுவாத் திற, எண்ணெய் பொங்கும்.

போன வாரம் லோகோன் மலை லேசா புகைஞ்சுது, பயப்படாதே, சாம்பல் நம்ம பக்கம் கொஞ்சம்தான் விழுந்தது. கிறிஸ்மஸுக்கு நட்ட செவந்திக் கன்னுல படிஞ்சதைத் தண்ணி தெளிச்சு கழுவி விட்டோம், பிழைச்சுக்கும்னு நெனைக்கிறேன். அம்மாவுக்கு முட்டி வலி இருக்கு, ஆனா புதன்கிழமை வீட்டு ஜெபக்கூட்டத்துக்குப் போகாதேன்னா கேக்கறதில்ல. அண்ணன் மட்டும் அந்தக் கூட்டத்துக்கு வர்றதே இல்ல. ஒரு தடவை வந்தான். ஒருத்தர் அவன் முதுகுல தட்டி, அமெரிக்கா வரைக்கும் போய்ப் பூ மூட்டை ஏத்தவா படிச்சுட்டு வந்தே தம்பின்னு சிரிச்சார். கெட்ட எண்ணத்துல சொல்லலை, நாலு பேர் சிரிச்சாங்க, அவனும் சேந்து சிரிச்சான். அதோட சரி.

இப்ப விஷயத்துக்கு வர்றேன். போன ஞாயித்துக்கிழமை நீ அம்மாகிட்ட, இந்தத் தவணை எடுத்த நாலு பாடத்துல ரெண்டை விட்டுடப் போறேன், அவங்களே என்னை ஊருக்கு அனுப்பட்டும், அண்ணனுக்கு இல்லாத படிப்பு எனக்கு மட்டும் எதுக்குன்னு சொல்லியிருக்கே. அண்ணன் ஊர் திரும்பினதுல இருந்து பத்து மாசமா என் போனையே எடுக்கலை, அவனுக்கு என் மேல கோவம்னும் சொல்லியிருக்கே. அம்மா போனை வெச்சுட்டு அப்படியே உக்காந்துட்டா. உனக்குத் தெரியாத ஒண்ணு எனக்குத் தெரியும். அதை உங்கிட்ட சொல்லக்கூடாதுன்னு அண்ணன் கேட்டுக்கிட்டான், நானும் சரின்னேன். ஆனா நீ இப்படி ஒரு முடிவுக்கு வந்தப்புறம் நான் வாயை மூடிட்டு இருந்தா, ரெண்டு பிள்ளையும் எனக்கு இல்லாமப் போயிடும்.

நீ மட்டும் இல்ல, நாங்க எல்லாருமே, அண்ணன் மெல்கி சட்டம் தெரியாம ஒரு பாடத்தை விட்டான், நாலு பாடத்துக்கு, அதாவது பன்னிரண்டு கிரெடிட்டுக்குக் கீழ போனா படிப்பு விசா போயிடும்னு அவனுக்கு யாரும் சொல்லலைன்னுதானே நெனச்சுட்டு இருந்தோம். அவனே அப்படித்தான் சொன்னான். அம்மா எத்தனை நாள் அவனைத் திட்டினாள்னு உனக்கே தெரியும், மூணு வருஷம் படிச்சவனுக்கு ஒரு விதியை வாசிக்கத் துப்பில்லையான்னு. தலையைக் குனிஞ்சு கேட்டுட்டுப் போவான்.

ஜூலையில மறுபடி விசாவுக்குன்னு ஜகார்த்தா போனப்ப நானும் கூடப் போனேன். தூதரகத்துக்குள்ள அவனை மட்டும்தான் விட்டாங்க. நான் எதிர்ல ஒரு மீட்பால் சூப் விக்கிற வண்டிக்காரன்கிட்ட பெஞ்சுல உக்காந்திருந்தேன். அவன் வெளிய வந்த நடையிலயே எனக்குத் தெரிஞ்சுபோச்சு. பக்கத்துல உக்காந்து என் கிண்ணத்துல இருந்து ரெண்டு வாய் சாப்பிட்டான். அப்புறம் சொன்னான்: "அந்த விதி உங்களுக்குத் தெரியுமான்னு கேட்டாங்கப்பா. தெரியும்னு சொன்னேன்."

எனக்குப் புரியலை, தெரியாதுன்னுதானேடா எங்ககிட்ட சொன்னேன்னு கேட்டேன். அப்பதான் சொன்னான். போன வருஷம் அங்க உனக்குக் குடல்வால் வெடிச்சு ஆபரேஷன் பண்ணி, சீழ் வச்சு, ரெண்டாந்தடவையும் திறந்தாங்களே, அந்த நாள்லயே அவன் வெளிநாட்டு மாணவர் ஆபீஸுக்குப் போயிருக்கான். உனக்கு டாக்டர் கடிதம் வெச்சுப் பாடத்தைக் குறைச்சு வாங்கினது அவன்தான், அது உனக்குத் தெரியும். அதே மேஜையில எனக்கும் ஒண்ணு குறைச்சுத் தருவீங்களான்னு கேட்டிருக்கான். அந்த ஆபீஸ்ல இருந்த அம்மா நல்லவங்களாம், அவனுக்குக் காப்பி கூடக் குடுத்தாங்களாம். ஆனா உடம்பு சரியில்லாதவங்களுக்குத்தான் அந்த அனுமதி, பாத்துக்கறவங்களுக்குக் கிடையாது, தங்கச்சியா இருந்தாலும் கிடையாது, நாலுல ஒண்ணை விட்டா உன் பதிவை மூட வேண்டியிருக்கும், நல்லா யோசிச்சுக்கோன்னு தெளிவாச் சொல்லியிருக்காங்க. அவங்க சொல்லித்தான் ஆசிரியர்கிட்டயும் போய்க் கேட்டிருக்கான். நாலாவதா இருந்த அந்தப் பாடம் வாரத்துல பாதி நாள் மத்தியானம் பூரா லேப்ல நிக்கிற பாடம், தள்ளி வைக்க வழியில்லைன்னு அவர் சொல்லிட்டாராம். உன் காயத்தைத் திறந்து துடைச்சுப் பஞ்சு மாத்தினது எந்த நேரம்னு நெனச்சுப் பாரு. அந்த மத்தியானம்தான். உன் ரூம்ல இருந்த பொண்ணும் பயந்துபோய் வேற ரூமுக்கு மாறிட்டா. சபைக்காரங்க சோறு கொண்டுவந்து குடுத்தாங்க, ஆனா தினம் உன்னைத் தூக்கி உக்கார வெக்க யார் வருவா. அவன் தெரிஞ்சேதான் அந்தப் பாடத்தை விட்டான். நீ படுத்திருக்கும்போது உனக்கு அது தெரிஞ்சா பஞ்சு மாத்த விடமாட்டே, போடா கிளாஸுக்குன்னு கத்துவேன்னுதான் தெரியாம நடந்துபோச்சுன்னு பொய் சொல்லியிருக்கான். சொன்ன பொய்யை அப்புறம் மாத்தலை.

தங்கச்சி நெலமையை விசா ஆளுங்ககிட்ட எடுத்துச் சொன்னியாடான்னு கேட்டேன். சொன்னேன்ப்பா, வருத்தமா இருக்குன்னாங்க, ஆனா தெரிஞ்சு மீறினதா ஆயிடுச்சே, இப்பத் தர முடியாதுன்னுட்டாங்கன்னான். கேள்வி கேட்ட ஆள் மேல குத்தம் சொல்ல எனக்கு வாய் வரலை. எதுக்கு உண்மையைச் சொன்னேன்னு மகனைத் திட்டவும் வாய் வரலை. வண்டிக்காரன் இன்னொரு கிண்ணம் வேணுமான்னு கேட்டான். வாங்கிச் சாப்பிட்டோம், வேற என்ன செய்ய.

இத்தனை மாசம் நான் இதை மனசுலயே வெச்சிருந்தேன். போன ஞாயித்துக்கிழமை நீ பேசினப்புறம்தான் அம்மாகிட்ட சொன்னேன். மறுநாள் காலையில கஞ்சி காய்ச்சினா, பூசணியும் கீரையும் போட்டு, வழக்கமா எனக்குத்தானே முதல்ல ஊத்துவா, அன்னைக்கு அண்ணன் தட்டை எடுத்து முதல்ல அவனுக்கு ஊத்தினா. காரம் வேணுமா தம்பின்னு கேட்டா. அவன் கரண்டியைக் கீழ வெச்சுட்டு என்னைப் பாத்தான். புரிஞ்சுபோச்சு அவனுக்கு. ஏன் சொன்னீங்கன்னு கேக்கலை. ஜெய்னிக்கும் தெரியுமான்னு மட்டும் கேட்டான். இன்னும் இல்லன்னு சொல்லிட்டு, நீ ரெண்டு பாடத்தை விடப்போறதையும் ஊருக்கு வரப்போறதையும் சொன்னேன். தட்டைத் தள்ளி வெச்சான். அப்புறம் சொன்னான், கெகே, அவன் சொன்னதை அப்படியே எழுதறேன்: "அவளும் வந்துட்டா, நான் எதுக்கு வந்தேன்?"

கோவமாச் சொல்லலை. நெசமாவே பதில் தெரியாம கேட்ட மாதிரி கேட்டான். அம்மா அடுப்புப் பக்கம் திரும்பிக்கிட்டா. அதான் உனக்கு எழுதறேன், பதில் உன் கையிலதான் இருக்கு.

இதைப் படிச்சு உனக்குப் பாரம் கூடும்னு எனக்குத் தெரியாமலா. நீ ஒரு கடனும் படலை, உடம்பு முடியாமக் கெடந்தது உன் தப்பில்ல, அவனும் உன்னைக் கேட்டுட்டுச் செய்யலை. உனக்கு நெசமாவே அந்தப் படிப்பு பிடிக்கலைன்னா, தவணையை முடிச்சுட்டு, முறையாச் சொல்லிட்டு வா, நானே மனாடோ ஏர்போர்ட்டுக்கு வந்து உன்னைக் கூட்டிட்டு வருவேன், ஒரு கேள்வி கேக்க மாட்டேன். ஆனா அண்ணனுக்காகன்னு வராதே. பாடம் கஷ்டமா இருந்தா ஆசிரியர்கிட்ட வாயைத் திறந்து கேளு. உடம்பு மறுபடி படுத்துச்சுன்னா டாக்டர்கிட்ட எழுதி வாங்கி முதல்ல அந்த ஆபீஸுக்குப் போ, அவங்க சரின்னு சொன்னப்புறம் பாடத்தைக் குறை. முதல்ல விட்டுட்டு அப்புறம் போய் நிக்காதே. ராத்திரி முழுக்க முழிச்சுப் படிக்காதே, சூடா எதாவது குடி, அங்க கெடைக்கிற அரிசி மோசம்னு சோத்தை விடாதே.

அண்ணன் திங்கக்கிழமை பித்துங் போறான். யான்சே மாமா அங்க மீன் பதப்படுத்துற கம்பெனியில பேசி வேலை வாங்கிக் குடுத்திருக்கார், சாப்பாட்டுப் பொருளைச் சோதிக்கிற இடமாம், அவன் படிச்சதுக்குக் கிட்டத்துல வருதுன்னு மாமா சொல்றார். பட்டம் இல்லாததால உதவியாள்தான். போகட்டும், இங்க இருந்தா ஜனங்க பேச்சுலயே கரைஞ்சுபோவான். அவன் கட்டில்ல அம்மா இப்பவே துவைச்ச விரிப்பைப் போட்டு வெச்சிருக்கா, அவன் இன்னும் கெளம்பவே இல்ல.

கர்த்தர் உன் போக்கையும் வரத்தையும் காக்கட்டும். உன் அறையில உனக்குத் துணையா இருக்கட்டும், உன் கையில இருக்கிற வேலையை முடிக்கப் பெலன் குடுக்கட்டும். அம்மா முத்தம் சொல்லச் சொன்னா.

ஒண்ணு மறக்காதே. அண்ணனுக்குப் போன் பண்ணு. இப்பவும் எடுக்க மாட்டான், குரலைக் கேட்டா உடைஞ்சுடுவேன்னு பயப்படறான். ஆனாலும் பண்ணு. நீ கூப்பிடும்போது அவன் போனைக் கையில எடுத்து, மணி அடிச்சு ஓயுற வரைக்கும் உன் பேரையே பாத்துட்டு நிக்கிறான். நான் பாத்திருக்கேன்.

என்றும் உன் அப்பா,
வெல்லி லுமின்தாங்