கிளிப்பச்சைச் சட்டைக்காரன் ஏறிய பஸ்

என் அருமை மச்சான் தணிகாசலத்துக்கு,

சௌக்கியமா என்று கேட்க மாட்டேன். போன இடத்திலும் யாரையாவது கேலி பண்ணிக்கொண்டு நீ சௌக்கியமாகத்தான் இருப்பாய். இந்தக் கடிதத்தை நானே எழுதுகிறேன். ஆமாம், நானேதான். ஒரு வரி எழுதிவிட்டு ஒரு வாய் டீ குடிக்கிறேன், அப்புறம் அடுத்த வரிக்கு வருகிறேன். விரல் வலிக்கிறது. நீ இதைப் படிக்கப்போகிறாய் என்று நினைத்தால் அந்த வலியும் இனிக்கிறது.

உன் மகள் செல்வி இதைத் தன் வகுப்புச் சுவரில் ஒட்டுவதாகச் சொல்லியிருக்கிறாள். ஒட்டட்டும். நீயும் நாலு பேர் முன்னால்தானே என் மானத்தை வாங்கினாய்?

படிக்கிறவர்களும் தெரிந்துகொள்ளட்டும். உன் அக்காவை நான் கட்டிய புதிதில், முசரவாக்கத்தில் உங்கள் வீட்டில் எனக்கு விருந்து. அவள் முந்தின நாளே போய்விட்டாள். நான் சாயப்பட்டறை வேலையை முடித்துவிட்டுப் புது வேட்டியோடு காஞ்சிபுரம் பஸ் ஸ்டாண்டுக்கு வந்தேன். பட்டறையில் எனக்கு எழுத்து தேவைப்பட்டதே இல்லை. எந்தப் பட்டு யாருடையது என்று நிறமே சொல்லிவிடும். பஸ்கள்தான் என்னைக் கைவிட்டன. எல்லாம் ஒரே நிறம்.

நீ அங்கே நின்றிருந்தாய், உன் கிளிப்பச்சைச் சட்டையில். பஸ்ஸின் ஊர்ப் பலகையை நிமிர்ந்து பார்த்தாய். "இதான் மாமா முசரவாக்கம் பஸ்ஸு. நீ முன்னால போ, நான் வெத்தல பாக்கு வாங்கிக்கினு அடுத்த பஸ்ஸுல வரேன்" என்றாய். உன்னை நம்பி ஏறினேன். கூட்டத்தில் கண்டக்டர் என்னிடம் வந்து சேர்வதற்குள் செவிலிமேடும் போய்விட்டது, பாலாற்றுப் பாலமும் போய்விட்டது. "இது வந்தவாசி வண்டிப்பா!" என்றார். சுற்றி வளைத்து நான் உங்கள் வீட்டுக்கு வந்தபோது இலையெல்லாம் எடுத்தாகிவிட்டது. நீ வெற்றிலை மென்றுகொண்டே, "என்னா மாமா, வந்தவாசியில விருந்து பலமா?" என்று கேட்டாய்.

அதோடு விட்டாயா? கல்யாணம், காதுகுத்து, கருமாதி, எங்கே போனாலும் எனக்கு முன்னால் அந்தக் கதை போய் உட்கார்ந்திருக்கும். "வழி விடுங்கபா, வந்தவாசியாரு வராரு." என் பெயர் ஏழுமலை என்பதே நம் சொந்தத்தில் பலருக்குத் தெரியாது.

நீ போய்ச் சேர்ந்தாய். எல்லோரும் அழுதார்கள், நானும் அழுதேன். ஆனால் எரிச்சலும் இருந்தது. பதிலுக்கு ஒரு அடி வாங்காமலேயே தப்பிவிட்டாயே!

அந்த அடியைத் திருப்பிக் கொடுக்க எனக்கு வழி காட்டியது யார் தெரியுமா? உன் மகள்.

செவிலிமேட்டில் அவள் வீட்டில் சாயங்காலம் தமிழ் வகுப்பு நடத்துகிறாள். வருகிறதெல்லாம் தமிழ் நோட்டைக் கண்டாலே வயிற்றுவலி வருகிற பிள்ளைகள். அதனால் செல்வி ஒரு வேலை பண்ணினாள். கலர் களிமண்ணில் பொம்மை செய்து மேசைமேல் நிறுத்துவது, செல்போனில் ஒரு படம் எடுப்பது, பொம்மையின் காலை ஒரு நெல்லளவு நகர்த்தி இன்னொரு படம் எடுப்பது. எல்லாவற்றையும் சேர்த்து ஓட்டினால் பொம்மை நடக்கிறது மச்சான்! அது பேசுவது கீழே எழுத்தாக ஓடுகிறது. ஒரே ஒரு சட்டம்தான். படத்தில் வருகிற பேச்சை யார் எழுதுகிறார்களோ, அவர்கள்தான் பொம்மையை அசைக்கலாம்.

உன் அக்காவோடு சும்மா வேடிக்கை பார்க்கப் போனவன் நான். மஞ்சளையும் நீலத்தையும் பிசைந்தேன். சரியான கிளிப்பச்சை வந்துவிட்டது. அதைப் பார்த்ததும் கை தானாக ஒரு சட்டை செய்தது, அப்புறம் தொப்பை, அப்புறம் உன் மீசை. பிள்ளைகள் செய்து வைத்திருந்த களிமண் பஸ்ஸில் அதை ஏற்றுவதற்காகக் கையை நீட்டினேன். மித்ரா என்று ஒரு வாண்டு என் கையைத் தட்டிவிட்டாள்.

"தாத்தா, ரூல்ஸ் தெரியாதா? ஃபர்ஸ்ட் டயலாக் எழுதுங்க."

"எனக்கு எழுத வராதும்மா."

"அப்போ போய் உக்காருங்க. டச் பண்ணக் கூடாது."

அங்கேயே முடிவு செய்தேன். பிள்ளைகளோடு உட்கார்ந்து அகரத்திலிருந்து தொடங்கினேன். உன் அக்கா தலையில் அடித்துக்கொண்டாள். "செத்துப்போனவங்கூட என்னாய்யா சண்ட?" நான் காதில் வாங்கவில்லை. ஒவ்வொரு எழுத்தும் உன்மேல் விட்டெறிய ஒரு கல்லாக எனக்குத் தெரிந்தது.

படம் முடிந்தது. கிளிப்பச்சைச் சட்டைக்காரன் விருந்துக்குக் கிளம்புகிறான். பலகையைப் படிக்கத் தெரியாமல் தப்பான பஸ்ஸில் ஏறுகிறான். சுற்றிச் சுற்றி வந்து சேரும்போது இலை காலி. எதிரே நிற்கிற மாமா பொம்மை, அதாவது நான், கேட்பது கீழே என் எழுத்தில் ஒரே வரியாக ஓடுகிறது: "விருந்து பலமா?"

ஞாயிற்றுக்கிழமை செல்வி வாசலில் வேட்டியைக் கட்டி அதில் படத்தை ஓட்டினாள். எல்லோரும் சிரித்தார்கள். நான் செல்வியைப் பார்த்தேன். அவள் சிரிக்கவில்லை. பெற்ற அப்பனாயிற்றே, தப்புப் பண்ணிவிட்டோமோ என்று எழுந்து அவளிடம் போனேன்.

"மாமா" என்றாள், கண்ணைத் துடைத்துக்கொண்டே. "எங்கப்பா காலி எலையப் பாத்துக்கினு சும்மாவா குந்தியிருப்பாரு? பக்கத்து எலையில கைய வெச்சிருப்பாரு."

அப்புறம்தான் கூட்டம் நிஜமாகச் சிரித்தது. அங்கேதான் நான் தோற்றேன் மச்சான். மறுநாள் பிள்ளைகள் எல்லாம் உன் பொம்மைக்காக அடித்துக்கொண்டார்கள். "பச்சைத் தாத்தாவுக்கு நான் எழுதறேன்!" தமிழில் ஒரு வரி எழுத அழுதவர்கள், உனக்காகப் பக்கம் பக்கமாக எழுதுகிறார்கள். மித்ரா எழுதியதைக் கேள்: "நான் தப்பா ஏறல மாமா, பஸ்ஸுதான் தப்பான ஊருக்குப் போயிடிச்சி." உன்னை அவள் பார்த்ததே இல்லை. நீ சொல்லியிருந்தால் இதையேதான் சொல்லியிருப்பாய் இல்லையா?

விடுவேனா நான்? நேற்று ஒரு வரி எழுதிக்கொண்டு போனேன். பச்சைப் பொம்மை பஸ் முன்னால் கைகட்டி நின்று, "எனக்குப் படிக்க வராது மாமா, கொஞ்சம் படிச்சிச் சொல்லு" என்று என்னிடம் கேட்க வேண்டும். காலமெல்லாம் நான் உன்னிடம் கேட்ட கேள்வி அது. சட்டப்படி நான் பொம்மையை அசைக்கலாம். ஆனால் படம் எடுக்க ஒரு பிள்ளையும் செல்போனைத் தொடவில்லை.

"அவரு அப்டிலாம் கேக்கவே மாட்டாரு தாத்தா" என்றாள் மித்ரா. "வேற எழுதுங்க."

பார்த்தாயா, செத்த பிறகும் ஆள் சேர்த்து வைத்திருக்கிறாய்! அங்கே பஸ் உண்டா, பலகை உண்டா, அந்த ஊர் எழுத்து புரியாவிட்டால் உனக்கு யார் படித்துச் சொல்கிறார்கள், ஒன்றும் தெரியவில்லை. எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். அந்தப் பிள்ளைகளே நம்பும்படி அந்த வரியை எழுதுகிற வரைக்கும் நான் பேனாவைக் கீழே வைக்கப்போவதில்லை. ஒரு நாள் உன் பொம்மை என்னிடம் கேட்கும். அப்போது நான் நிமிர்ந்து, எழுத்துக் கூட்டி, பலகையில் இருப்பதை இருக்கிறபடியே படித்துச் சொல்வேன். சரியான பஸ்ஸில் உன்னை ஏற்றி, சூடு ஆறும் முன் இலைக்கு முன்னால் உட்கார வைப்பேன். அப்புறம் ஊரெல்லாம் சொல்லிச் சிரிக்க உனக்கு என்ன கதை மிஞ்சும்?

இப்படிக்கு,
இன்னும் கோபம் தீராத உன் அக்கா புருஷன்,
ஏழுமலை
(பெயரை நானே எழுதியிருக்கிறேன். பார்த்துக்கொள்.)