உள்ளே இருந்து சுட்ட குண்டு

அன்பு மகள் பொடிக்கு, அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் சுகமாக இருக்கிறோம், அம்மாவின் முழங்கால் வலி எங்களைவிடச் சுகமாக இருக்கிறது. உனக்கு அங்கே உடம்புக்கு ஒன்றும் இல்லையே? குளிரில் கழுத்தை மூடிக்கொண்டு போ என்று அம்மா மூன்று தரம் எழுதச் சொன்னாள், ஒரு தரம் எழுதிவிட்டேன், மற்ற இரண்டையும் நீயே சேர்த்துப் படித்துக்கொள். போனில் சொன்னால் பாதியில் குறுக்கே பாய்வாய், அதனால்தான் கடிதம்.

உன் வருங்கால மாமனார் புதுப்பித்த இரண்டாம் உலகப் போர்க்கால ஜீப் ஒன்றை வாங்கப் போகிறார், பார்க்க என்னையும் கூப்பிட்டிருக்கிறார் என்று சொன்னதும் நீ என்ன சொன்னாய்? அப்பா, கல்யாணம் முடியற வரைக்கும் தயவுசெஞ்சு வாயைத் திறக்காதீங்க, நல்லா இருக்குன்னு மட்டும் சொல்லிட்டு வாங்க என்றாய். கொதிகலன் தொழிற்சாலையில் அடுத்தவன் வைத்த வெல்டிங்கில் குறை கண்டுபிடித்தே இருபத்திரண்டு வருடமாகச் சம்பளம் வாங்குகிறவனிடம் சொல்கிற பேச்சா இது? சரி, பெண்ணைப் பெற்றவன் என்று பல்லைக் கடித்துக்கொண்டு போனேன்.

விற்கிறவர் நரைத்த முடியைக் குதிரைவாலாகக் கட்டியிருந்தார். ஷெட்டில் நாலு விளக்கைப் போட்டு, பெண்ணை அழைத்து வந்து காட்டுகிற மாதிரி வண்டி மேலிருந்த துணியை மெதுவாக விலக்கினார். போர்ல ஓடின வண்டி சார், ஒரு நட்டுகூட மாத்தலே, அத்தனையும் ஒரிஜினல் என்றார். நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு ஒரு சுற்று வந்தேன். நட்டெல்லாம் மில்லிமீட்டர் அளவு, அந்த வண்டியைச் செய்தவர்களுக்கு அங்குலம் தவிர வேறு கணக்கே தெரியாது. தரைத் தகட்டைப் புள்ளி புள்ளியாகப் பற்றவைத்திருக்க வேண்டும், இதில் இந்தக் காலத்து வெல்டிங் ரயில் தண்டவாளம் மாதிரி நீளமாக ஓடியது. முன்னால் சேஸிஸ் நம்பர் பொறித்த தகடு பளபளக்கிறது, அதே நம்பர் பொறித்திருக்க வேண்டிய அடிச்சட்டத்தில் கிரைண்டர் ஓட்டிய தடம். ஒரு மூலையில் நகத்தால் சுரண்டினேன், பச்சைப் பெயின்டுக்கு அடியில் பழைய பெயின்ட் ஒரு பூச்சுகூட இல்லை, நேராகப் புதுத் தகடு. அந்தப் புதுத் தகட்டில்தான் போரில் குண்டு பாய்ந்த துளை இருந்தது. உன் மாமனார் அதில் விரலை விட்டுப் பார்த்துக் கண் கலங்கினார். துளையின் விளிம்போ வெளிப்பக்கமாகப் பிதுங்கியிருந்தது, அப்படியானால் சுட்டவன் டிரைவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்துதான் சுட்டிருக்க வேண்டும். நல்லா இருக்கு என்றேன்.

அடியில் படுத்துப் பார்த்தபோது அடிச்சட்டத்தில் ஒரு ஒட்டு தெரிந்தது. யாரோ அவசரத்தில் கோணல்மாணலாகப் போட்ட பழைய காஸ் வெல்டிங், அதன் மேல் மூன்று பூச்சு பழைய பெயின்ட். அந்த வண்டியிலேயே பொய் சொல்லாத இடம் அது ஒன்றுதான். குதிரைவால் பதறிப்போய், அது மட்டும் கொஞ்சம் அசிங்கமா இருக்கு சார், குடுக்கறதுக்குள்ள தேய்ச்சு எடுத்துடறேன் என்றார். அதற்கும் நல்லா இருக்கு என்றேன்.

திரும்பும் வழியில்தான் உன் மாமனார் மீதியைச் சொன்னார். திங்கட்கிழமை கையெழுத்தாம், அதற்காகத் தன் பல் ஆஸ்பத்திரியின் மாடியையே விற்கப் பேசிவிட்டாராம். முப்பது வருடமாக ஊரார் வாயைத் திறந்து எது சொந்தப் பல், எது கட்டின பல் என்று ஒரே பார்வையில் சொன்ன மனிதர்! ஞாயிற்றுக்கிழமை காலை நேராக அவர் ஆஸ்பத்திரிக்குப் போய், நோயாளி நாற்காலியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அன்னைக்கே ஏன் சொல்லலே என்றார். உங்க மருமகதான் வாயைத் திறக்கக் கூடாதுன்னு சொன்னா என்றேன். அவர் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே. அவதான், சம்பந்தி, என்கிட்டயும் வந்து, எங்கப்பா கண்ணுல குறை பட்டா அந்த இடத்திலேயே போட்டு உடைச்சிடுவார், நல்லா இருக்குன்னுட்டா கண்ணை மூடிக்கிட்டு வாங்கலாம்னு சொன்னா என்றார். அடிப்பாவி, எனக்கு ஒரு பூட்டு, அவருக்கு ஒரு சாவியா?

நாலு நாள் அவரிடமிருந்து பேச்சே இல்லை. சம்பந்தம் போச்சு, எல்லாம் உங்க வாயால என்று அம்மா என்னைத் திட்டிக்கொண்டே இருந்தாள், அதற்கு முந்தின வாரம் வாயை மூடியிருந்தேன் என்பது அவள் கணக்கில் வரவில்லை. நேற்று வாசலில் வந்து நின்றார். வண்டி வேண்டாம் என்று சொல்லிவிட்டாராம், மாடி தப்பித்தது. உட்கார்ந்ததும் உட்காராததுமாக, என் பையனைப் பத்தியும் நல்லா இருக்குன்னுதானே சொன்னீங்க, இப்ப உள்ளதைச் சொல்லுங்க என்றார். அம்மா தூணைப் பிடித்துக்கொண்டாள். நான் சொன்னேன், உங்க பையன் நம்ம வீட்டுக்கு வந்த முதல் நாளே, எனக்கு வலது காது கேக்காது, இந்தப் பக்கமா உக்காந்து பேசுங்க மாமான்னான், ஒட்டைத் தேய்ச்சு மறைக்கலே, அதனாலதான் நல்லா இருக்குன்னேன் என்று. அவர் கண்ணாடியைக் கழற்றி நெடுநேரம் துடைத்தார். பிறகு, சனிக்கிழமை இன்னொரு ஜீப் பார்க்கணும், அது முழுக்கத் துருவாம், வர்றீங்களா என்றார்.

போகிறேன். இந்த முறை தயவுசெய்து இரண்டு பேருக்கும் நீ எந்த யோசனையும் சொல்லாதே. மாப்பிள்ளைக்கு இடது பக்கமாக நின்று என் ஆசியைச் சொல். நல்லா இரு, இது நிஜமாகச் சொல்வது. கழுத்தை மூடிக்கொள்.

இப்படிக்கு,
வாயைத் திறந்துவிட்ட உன் அப்பா