திங்கட்கிழமை கிளம்பாத வண்டி

அன்புள்ள மகனுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே அப்பாவும் நானும் சுகமாக இருக்கிறோம், அதிலும் இந்த வாரம் கொஞ்சம் கூடுதல் சுகம், ஏன் என்று படித்துக்கொண்டே வந்தால் தெரியும். அங்கே நீயும் மருமகளும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் வேளைக்குச் சாப்பிட்டுத் தூங்குகிறீர்கள் என்று நினைத்துக்கொள்கிறேன். போனில் சொன்னால் பாதிக் கதையிலேயே "சரிம்மா, சரிம்மா" என்று ஆரம்பித்துவிடுவாய், அதனால்தான் கடிதம். முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், வண்டியை விற்கவில்லை.

அப்பாவுக்கு இடுப்பு ஆபரேஷனுக்குப் பிறகு திங்களும் வியாழனும் பிசியோதெரபி என்பது உனக்குத் தெரியும். வாரத்தின் நடுவில் நான் கடைக்கும் நூலகத்துக்கும் எடுத்துப்போகும்போதெல்லாம் வண்டி ஒழுங்காக ஓடும். வியாழன் மதியம் கொண்டுவந்து நிறுத்தி, திங்கள் காலையில் சாவியைத் திருப்பினால் 'டிக்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான், பேட்டரி சுத்தமாக இறங்கியிருக்கும். ஒரு திங்கட்கிழமை டாக்ஸி வரவழைத்தோம். அந்த ஓட்டுநர், "சீக்கிரம் ஏறுங்க பெரியவரே, இங்க நிறுத்தக் கூடாது" என்று அவசரப்படுத்தியதில் அப்பா தடுமாறிக் கதவைப் பிடித்துக்கொண்டார், நல்லவேளை விழவில்லை. அன்றைக்கே சொல்லிவிட்டார், "டாக்ஸின்னா நான் வரல, வீட்லயே காலை ஆட்டிக்கறேன்" என்று. டிவிக்கு முன்னால் ஆட்டுகிற கால் எந்த லட்சணத்தில் ஆடும் என்று உனக்குத் தெரியாதா? இந்தச் சில மாதங்கள் பயிற்சியை விட்டால் மூட்டு இறுகிவிடும், பிறகு கைத்தடி கடைசிவரை கூடவே வரும் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார். ஆகவே இது பேட்டரி விஷயம் இல்லை, அப்பா நடப்பாரா மாட்டாரா என்கிற விஷயம். இது உன் மாமாவுக்குப் புரியவில்லை. "அக்கா, இந்த வயசுல உனக்கு எதுக்கு ஸ்டியரிங்? ஆள் பாத்துட்டேன், வர்ற திங்கக்கிழமை காலைல கூட்டிட்டு வரேன், தள்ளிவிட்டுடு" என்று தீர்ப்பே எழுதிவிட்டான். நீயும் அவன் பக்கம்தான் பேசினாய், போகட்டும்.

மெக்கானிக்கைக் குறை சொல்ல மாட்டேன். முதலில் பேட்டரியை மாற்றினார், புதியதும் இறங்கியது. ஓடும்போது சரியாக சார்ஜ் ஏறுகிறதா என்று பார்த்தார், ஏறியது. பிறகு வண்டியைத் தன் கடையிலேயே சில நாள் சும்மா நிறுத்திப் பார்த்தார், அங்கே பிள்ளைப்பூச்சி மாதிரி இருந்துவிட்டு ஒரே திருப்பலில் கிளம்பியதாம். "வண்டிக்கு எங்க கடைதான் புடிச்சிருக்கு டீச்சர், எனக்கே தத்து குடுத்துடுங்க" என்று சிரித்தார். வீட்டுக்கு வந்தது, மறுபடியும் படுத்தது. இதுதான் என்னை உறுத்திக்கொண்டே இருந்தது. அதே வண்டி, அதே பேட்டரி, இடம் மட்டும் வேறு. வகுப்பில் ஒரே சோதனை இரண்டு மேசையில் இரண்டு விடை தந்தால் பிள்ளைகளிடம் என்ன கேட்பேன்? எதை மாற்றினாய் என்றுதானே.

புதன்கிழமை அவரிடமே மின்சாரம் அளக்கும் மல்டிமீட்டர் ஒன்றை இரவல் வாங்கி வந்தேன். சோதனை சுலபம்தான். வீட்டில் எல்லாக் குழாயையும் மூடிவிட்டுத் தண்ணீர் மீட்டரைப் பார்க்கிறோம், முள் நகர்ந்தால் எங்கோ ஒழுகுகிறது என்று அர்த்தம், அதே போல. பேட்டரியின் மைனஸ் முனையிலிருந்து ஒயரைக் கழற்றி, நடுவில் மீட்டரைக் கொடுத்து, கதவெல்லாம் சாத்திவிட்டுக் கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தேன். ஒழுக்கே இல்லை, கடிகாரத்துக்கு வேண்டிய துளிதான் காட்டியது. எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது. அப்பா வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தவர், "ஏன் டீச்சரம்மா, நோயாளியக் குளிப்பாட்டி, தலை வாரி, பவுடர் போட்டு டாக்டர்கிட்ட காட்டுனா அவரு என்னத்தக் கண்டுபிடிப்பாரு?" என்றார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. "ஒவ்வொரு தடவயும் வண்டியத் தொடச்சு, உள்ள இருக்கறதெல்லாம் எடுத்து வெச்சுட்டுதானே கடைக்கு அனுப்பற? இப்பவும் அதத்தானே பண்ணியிருக்க" என்று கையைக் காட்டினார். பார்த்தால், நான் காலையிலேயே வண்டியைக் காலிசெய்து பொருளையெல்லாம் சுவர் ஓரம் அடுக்கி வைத்திருக்கிறேன்! ஆய்வாளர் வருகிற நாளில் வகுப்பு எப்படிக் கைகட்டி உட்கார்ந்திருக்கும், அப்படித்தான் என் வண்டி ஒவ்வொரு முறையும் மெக்கானிக் முன்னால் போய் நின்றிருக்கிறது.

உடனே எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகத் திரும்ப வைத்தேன். குடை, தண்ணீர்க் கேன், முதுகுக்கு வைக்கும் தலையணை, மீட்டர் அசையவில்லை. வெளியே போனால் மட்டும் அப்பா பிடித்து நடக்கிற, மற்ற நேரமெல்லாம் டிக்கியிலேயே கிடக்கிற வாக்கரை உள்ளே தள்ளிக் கதவைச் சாத்தினேன், எண் ஒரே தாவாகத் தாவி அரை ஆம்பியர் பக்கம் போய் நின்றது! வெளியே இழுத்தேன், விழுந்தது. மறுபடி வைத்தேன், ஏறியது. அப்பா, "வெறும் அலுமினியக் குழாய்டி அது, என் வாக்கரா கரண்ட் குடிக்குது?" என்று எழுந்தே வந்துவிட்டார். எனக்குச் சட்டென்று தோன்றியது, போனில் வீடியோவை ஓடவிட்டு, வாக்கரோடு டிக்கிக்குள் வைத்துச் சாத்திவிட்டேன். எடுத்துப் பார்த்தால், மூடிய டிக்கிக்குள் விளக்கு ஜம்மென்று எரிந்துகொண்டிருக்கிறது. அந்தச் சின்ன விளக்கு பக்கச் சுவரில் இருக்கிறது, அதிலேயே ஒரு சுவிட்ச். ஒரு பக்கம் தள்ளினால் கதவு திறந்தால் மட்டும் எரியும், மறுபக்கம் தள்ளினால் எப்போதும் எரியும். வாக்கரின் ரப்பர் கால் உள்ளே போகும்போது அதை ஒரு பக்கம் தள்ளுகிறது, வெளியே வரும்போது மறுபக்கம் இழுத்துவிடுகிறது. திறந்த டிக்கியில் விளக்கு எரிந்தால் யாராவது சந்தேகப்படுவார்களா, சொல். நானும் அப்பாவும் சின்னப் பிள்ளைகள் மாதிரி அந்த வீடியோவைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தோம். வாரத்தின் நடுவில் ஓட்ட ஓட்ட சார்ஜ் ஏறிவிட்டதால் தெரியவில்லை, வியாழன் முதல் திங்கள்வரை சும்மா நின்றதில்தான் சுத்தமாக இறங்கியிருக்கிறது. பல்பைக் கழற்றிவிட்டேன். மெக்கானிக்குக்கு வீடியோவை அனுப்பினேன், "டீச்சர், இனி எங்க கடைக்கு வர்றவங்ககிட்ட வண்டியக் கழுவிட்டு வராதீங்கன்னு போர்டு வெச்சுடறேன்" என்றார்.

வியாழன் மதியம் வாக்கரை டிக்கியிலேயே விட்டு நிறுத்தியவள் வேண்டுமென்றே தொடவே இல்லை. திங்கள் காலை அப்பா முன் சீட்டில் ஏறி உட்கார்ந்தாயிற்று, உன் மாமா அந்த ஆளோடு வந்து நின்றான். "சாவியக் குடுக்கா, ஸ்டார்ட் ஆவுதான்னு பாக்கறேன், ஆவாது, எதுக்கும் பாக்கறேன்" என்று உள்ளே உட்கார்ந்து திருப்பினான். ஒரே திருப்பல், இன்ஜின் உறுமிக்கொண்டு எழுந்தது! அவன் முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும். வந்தவரோ, "நல்லாத்தானே இருக்கு, எடுத்துக்கறேன்" என்கிறார். ஓடாத வண்டியைத்தான் என் தம்பி விலை பேசினான், இது ஓடுகிற வண்டி, மன்னித்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டேன். அப்பா திரும்பிக்கூடப் பார்க்காமல், "மாப்ள, எறங்குப்பா, எங்க டிரைவர் உக்காரணும்" என்றார். பாவம், வாங்க வந்த மனிதருக்கே சிரிப்பு வந்துவிட்டது. அன்று பயிற்சியில் அப்பா இரண்டு கம்பிகளுக்கு நடுவே இந்த முனையிலிருந்து அந்த முனைவரை கையை எடுத்துவிட்டு நடந்தார். பயிற்சி கொடுக்கிற பெண் கை தட்டினாள், நான் தட்டவில்லை, எனக்குக் கண்ணாடியைத் துடைக்கிற வேலை இருந்தது.

நீயும் மருமகளும் நினைத்ததெல்லாம் கைகூடி, மனம் நிறைந்து நீண்ட நாள் வாழ வேண்டும் என்று இருவரும் வாழ்த்துகிறோம். குளிர் நாளில் காது மூடாமல் வெளியே போகாதே. ஒன்றே ஒன்று மறக்காதே, இனி திங்களும் வியாழனும் காலையில் போன் செய்யாதே, நான் வண்டி ஓட்டிக்கொண்டிருப்பேன், எடுக்க மாட்டேன்.

என்றும் உன் நினைவாக,
அம்மா