தட்டுக்கு அடியில் தொங்கும் கட்டை

பிரியமுள்ள மாணிக்கம் அண்ணனுக்கு,

எழுதுவது கோவிந்தன்தான். வேறு யாரையாவது வைத்து எழுதியிருப்பேன் என்று நினைக்காதே. சின்னசேலத்தில் உன் லேத்துப் பட்டறையில் இருந்த காலம் முழுக்கக் கைநாட்டு வைத்தவன், இன்றைக்கு மேசையில் குனிந்து நானே எழுதுகிறேன். எங்கள் தெருக் கிழடுகளை எல்லாம் ஸ்டெல்லா டீச்சர் சாயங்காலத்தில் பள்ளிக்கூடத்துக்கு இழுத்துக்கொண்டு போய்க் கற்றுக்கொடுத்துவிட்டார். மெதுவாகத்தான் வருகிறது. ஒரு வரி முடிவதற்குள் டீ ஆறிவிடுகிறது. ஆனாலும் வருகிறது அண்ணே.

அந்தச் சந்தோஷத்தை உனக்கு எப்படிச் சொல்வது? பஸ் போர்டு, மருந்து அட்டை, சுவரில் ஒட்டின கண்ணீர் அஞ்சலி, ஒன்றையும் விடுவதில்லை. ஆனால் படிக்கப் படிக்கச் சந்தேகமும் ஜாஸ்தியாகிறது. மேலே பெரிய எழுத்தில் இலவசம் என்று போடுகிறான். கீழே எறும்பு மாதிரி எழுத்தில் வேறு கதை எழுதியிருக்கிறான். அதே சந்தேகப் புத்தியோடுதான் உனக்கும் எழுதுகிறேன். உன்னிடம் கேட்க வேண்டியது ஒன்று இருக்கிறது.

டீச்சர் இதைப் பத்திரிகைக்கு அனுப்புகிறேன் என்கிறார், படிக்கிற மற்றவர்களுக்கும் புரிய வேண்டும். அதனால் உனக்குத் தெரிந்ததையே கொஞ்சம் சொல்கிறேன், பொறுத்துக்கொள்.

எங்கள் பக்கத்தில் முதன்முதலாக ஜவ்வரிசி மில் போட்டவர் சபாபதி முதலாளி. மரவள்ளிக் கிழங்கு மாவை ஈரத்தோடு வேட்டித் துணியில் கொட்டி, இரண்டு பக்கமும் ஆள் நின்று பிடித்துக் குலுக்குவார்கள். குலுக்கக் குலுக்க மாவு முத்தாக உருளும். சாயங்காலத்துக்குள் தோள்பட்டை கழன்றுவிடும். ஆள் வராத நாளில் முதலாளியே துணியைப் பிடித்துக்கொண்டு நிற்பார். மோட்டார் ரிப்பேருக்கு என்று போன நீ, அதைப் பார்த்துக்கொண்டே நின்றாய். பிறகு பட்டறைக்கு வந்து, ஒரு தகரத் தட்டை நான்கு சங்கிலியில் தொங்கவிட்டாய். மோட்டார் அதை முன்னும் பின்னும் இழுத்து ஆட்டியது. முதல் நாள் மாவு முழுக்கச் சுவரில் போய் அப்பிக்கொண்டது. முதலாளி முகத்திலும்தான். அவர் மீசையைத் துடைத்துக்கொண்டே, "பரவால்ல மாணிக்கம், செவுரு வெள்ளையடிச்ச மாதிரி ஆயிடுச்சி" என்றார்.

அன்றைக்குப் பிடித்த சிநேகிதம் அது. அவர் குறை சொல்வார், நீ கோபித்துக்கொண்டு கிளம்பி வந்துவிடுவாய், பின்னாலேயே அவர் டிபன் கேரியரோடு பட்டறைக்கு வந்து உட்காருவார். ஒரே தட்டில் இரண்டு பேரும் கை வைப்பீர்கள். குலுக்கு மெஷின் என்று ஊரே சொல்லும்படி அது ஓடத் தொடங்கிய நாளில், அவர் உன்னைத் தம்பி என்று சொல்லித் தன் வீட்டு நடுக்கூடத்தில் உட்காரவைத்துப் பரிமாறினார். நான் பக்கத்து இலை.

அதற்கு மறுநாள்தான் நீ அந்த வேலையைச் செய்தாய். தட்டுக்கு அடியில், ஒரு மூலையில், கைக்கு அடங்காத ஒரு இரும்புக் கட்டையை போல்ட் போட்டு முடுக்கினாய். எனக்கு ஒன்றும் புரியவில்லை.

"இன்னாத்துக்குண்ணே இது?"

"ஒண்ணுத்துக்கும் இல்ல. நாளைக்கு எவனாவது பாத்துட்டுப் போயி இதே மாதிரி செய்வான். செய்யிறவன் இதையும் சேத்து செய்வான். அப்ப தெரிஞ்சிடும், நம்மளத் திருடுனவன் எவன்னு."

அப்புறம் என் கையை அழுத்திப் பிடித்தாய். நம்ம மூணு பேரத் தவிர வெளியே தெரியக் கூடாது என்றாய். மூணு பேர் என்று உன் வாயால்தான் சொன்னாய் அண்ணே. நீ, நான், முதலாளி. அதை நான் மறக்கவில்லை.

நீ நினைத்தபடியே நடந்தது. ஆறகழூர் ரோட்டில், ஆத்தூர் பக்கத்தில், ரிஷிவந்தியம் போகிற வழியில் என்று மெஷின்கள் முளைத்தன. எந்த மில்லுக்கு ரிப்பேருக்குப் போனாலும் நாம் முதலில் குனிந்து தட்டுக்கு அடியில்தான் பார்ப்போம். கட்டை தொங்கும். ஒருத்தன் பெரிசாக இருந்தால் நல்லது என்று இரண்டு கட்டை மாட்டியிருந்தான். இரும்பு கிடைக்காத ஒருத்தன் அம்மிக் குழவியைக் கம்பியில் கட்டித் தொங்கவிட்டிருந்தான். அது எதற்கு என்று நீ அப்பாவி மாதிரி கேட்டாய். "கட்டை இல்லன்னா முத்து உருளாதுங்க, அதான் இதுல ரகசியமே" என்று அவன் நமக்கே பாடம் எடுத்தான். திரும்பி வரும்போது சைக்கிளை ஓட்ட முடியாமல் புளியமரத்தடியில் இறங்கி நின்று சிரித்தோம்.

போன தை மாதம் நீ போய்விட்டாய். ஆடியில் நான் கல்வராயன் மலைக்குப் போனேன். என் இரண்டாவது மகள் வெள்ளிமலைக்குப் பக்கத்தில் வாழ்க்கைப்பட்டிருப்பது உனக்குத் தெரியும். அந்த ஊரில் மலைக்காரர்கள் கிழங்கைக் கீழே லாரியில் அனுப்பாமல் தாங்களே ஜவ்வரிசி போடுகிறார்கள் என்று மருமகன் சொன்னான். சின்னக் கொட்டகைதான். உள்ளே நம் குலுக்கு மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. அதே நான்கு சங்கிலி, அதே ஆட்டம். பழக்க தோஷத்தில் குனிந்து பார்த்தேன்.

கட்டை இல்லை.

கழற்றிவிட்டார்களோ என்று தடவிப் பார்த்தேன். போல்ட்டுக்கு ஓட்டையே போடவில்லை. பார்த்துச் செய்தவன் என்றால் கட்டையும் சேர்ந்து வந்திருக்கும். இது பார்த்துச் செய்தது இல்லை. விஷயம் தெரிந்த ஒருத்தர் சொல்லிச் செய்தது. பச்சைப் பெயிண்டைத் தடிமனாகப் பூசியிருந்ததால் யார் கைவேலை என்று கண்டுபிடிக்க முடியவில்லை. கொட்டகையில் இருந்த கிழவர், கீழேயிருந்து யாரோ வந்து செய்தார்கள், கொட்டகையை நடத்துகிற பொன்னம்மாளைக் கேட்டால்தான் தெரியும், அது தேயிலை பறிக்கக் கேரளத்துக்குப் போயிருக்கிறது என்றார்.

பஸ்ஸில் இறங்கி வருகிற வளைவு ஒவ்வொன்றிலும் எனக்கு ஒரே நினைப்பு. விஷயம் தெரிந்தவர்கள் மூன்று பேர். நான் சொல்லவில்லை. நீ சொல்லியிருக்க மாட்டாய். அப்படியானால் முதலாளிதான். உன்னைத் தம்பி என்று சொன்ன அதே வாயால் உன் வித்தையை மலைக்கு விற்றிருக்கிறார். நீ செத்த அன்றைக்கு உன் காலடியில் உட்கார்ந்து அவர் அழுததைக்கூட நான் மனசுக்குள் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். அது எந்த அழுகை?

அதிலிருந்து அவர் மில் பக்கம் போகவில்லை. ஆள் அனுப்பினார், போகவில்லை. கடைசியில் ஆயுத பூஜைக்கு அவரே மகனோடு காரில் வந்து என் வாசலில் நின்றார். கண்ணில் புரை. மகன் தோளைப் பிடித்துத்தான் நடக்கிறார். "மாணிக்கம் பேருல ஒரு கல்லு வெக்கிறேன் கோவிந்தா. நீ வந்து மெஷின ஓட்டி வெக்கணும்" என்றார். திருடிவிட்டுக் கல்லா? சரிங்க, வருகிறேன் என்றேன். எல்லார் முன்னாலும் கேட்டுவிடுவது என்று முடிவு பண்ணித்தான் போனேன். ஸ்டெல்லா டீச்சரிடம்கூடச் சொல்லவில்லை.

பூஜை நேரத்தில் அவர் என்ன செய்தார் தெரியுமா? தட்டுக்கு முன்னால் மெதுவாக மண்டி போட்டார். கையை உள்ளே விட்டுத் துழாவி, அந்தக் கட்டையைப் பிடித்து, சந்தனம் தடவிப் பொட்டு வைத்தார். வருஷா வருஷம் வைத்த பொட்டு அதன்மேல் ஏடு ஏடாக ஒட்டியிருந்தது. பக்கத்தில் நின்ற மகன் என்னிடம், புதிதாக வந்த இன்ஜினியர் இது வேண்டாத பாரம், மோட்டாருக்குத்தான் கஷ்டம், எடுத்துவிடலாம் என்கிறார், அப்பாதான் விடமாட்டேன் என்கிறார் என்று முணுமுணுத்தான். இன்ஜினியர் சொன்னது சரிதான். எனக்கும் உனக்கும் தெரியாததா?

முதலாளி காதில் அது விழுந்துவிட்டது.

"இதாண்டா மெஷினுக்கு உசுரு. மாணிக்கம் என்கிட்ட சொல்லிட்டுப் போனது" என்றார் மகனிடம். பிறகு முகத்தை என் பக்கம் திருப்பினார். "நீ சொல்லு கோவிந்தா. நீதான் கூட இருந்தவன். இது இல்லாம ஓடுமா?"

மில்லே என்னைப் பார்த்தது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. இவருக்குத் தெரியவே தெரியாது. இவ்வளவு காலமும் நீ இவரிடம் சொல்லவே இல்லை. ஒரே தட்டில் கை வைத்தவரையும் சேர்த்துத்தான் அந்தக் கட்டையை முடுக்கியிருக்கிறாய்.

கேட்க வந்ததைக் கேட்கவில்லை. "ஓடலாம் மொதலாளி. ஆனா அண்ணன் செஞ்ச மெஷினா இருக்காது" என்றேன். அவருக்கு அது போதும். மகனைப் பார்த்து, கேட்டியா என்றார். நான் சுவிட்சைப் போட்டேன். தட்டு ஆடியது.

வீட்டுக்கு வந்து உட்கார்ந்து யோசித்தேன். முதலாளிக்குத் தெரியாது. நான் சொல்லவில்லை. மிச்சம் யார் அண்ணே?

ஐப்பசி மழை கொஞ்சம் விட்டதும் மறுபடியும் மலைக்கு ஏறினேன். பொன்னம்மாள் வந்திருந்தது. மெஷினைப் பற்றிக் கேட்ட நான் உன் பெயரைச் சொல்வதற்கு முன்னாலேயே உன் இருமலை அப்படியே இருமிக் காட்டி, அந்தப் பெரியவருக்கு வேண்டியவங்களா என்று கேட்டது. கிழங்கு விற்கக் கீழே வந்த இடத்தில் உன்னைப் பார்த்துப் பேசினதாம். நீ மலைக்குப் போய் அவர்கள் வீட்டிலேயே தங்கி, பழைய இரும்பைப் பொறுக்கி அந்த மெஷினைச் செய்தாயாம். தினைச்சோறும் மொச்சைக் குழம்பும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டாயாம். என்னிடம் அப்போது என்ன சொன்னாய்? திருக்கோவிலூரில் சொந்தக்காரர் வீட்டுக்குப் போய்வருகிறேன் என்றாய். சட்டையில் வெல்டிங் பொறி பட்ட ஓட்டையைக்கூட நான் அன்றைக்குப் பார்த்தேன். கேட்கவில்லை. உன்மேல் எனக்கு அப்போது சந்தேகம் கிடையாது.

பொன்னம்மாளும் லேசுப்பட்டது இல்லை. கீழே இருக்கிற மெஷினில் எல்லாம் ஒரு கட்டை தொங்குகிறதே, எங்களை ஏமாற்றுகிறாயா என்று உன்னையே மடக்கியிருக்கிறது. அதற்கு நீ சொன்னதை அது அப்படியே சொன்னது:

"அது திருடனுக்கு வெச்சது தாயி. உங்களுக்கு எதுக்கு?"

சொல்லிவிட்டு அது சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. திருடனுக்கு வைத்தது என்றால், முதல் கட்டை தொங்குகிற மில் யாருடையது? அவரையா நீ திருடன் என்று நினைத்தாய்? இல்லை, முதலாளிக்கு வாய் நிற்காது, வருகிறவர் போகிறவரிடம் எல்லாம் பெருமை பேசுவார், அதனால் மறைத்தாயா? அப்படித்தான் இருக்க வேண்டும் என்று பாதி நாள் தோன்றுகிறது. மிச்சப் பாதி நாள், அந்த மலைக்காரர்களை நம்பின அளவுக்குக்கூட நீ எங்களை நம்பவில்லை என்று தோன்றுகிறது. எங்களை என்றுதான் எழுதுகிறேன். என்னிடம் நீ வேறு எதற்கெல்லாம் கட்டை தொங்கவிட்டாய்? திருக்கோவிலூர் ஒன்று தெரிந்துவிட்டது. இன்னும் எத்தனை?

எவ்வளவு கோபம் வந்தாலும், பச்சைப் பெயிண்டைச் சுரண்டி உன் வெல்டிங்கைப் பார்த்தபோது சந்தோஷமாகத்தான் இருந்தது. புடவை மாட்டாதபடி மூலையெல்லாம் அரம் போட்டு வழவழவென்று ராவி வைத்திருந்தாய். அதை மட்டும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். பொங்கலுக்கு முன்னால் மெஷினைப் பிரித்துப் புதுசாக மாட்டப்போவதாக முதலாளி மகன் என்னிடம் ரகசியமாகச் சொன்னான். கட்டையையும் எடுத்துவிடுவான். அது இல்லாமல் மெஷின் ஓடுகிற சத்தம் அவருக்குக் கேட்கும். கண்தான் மங்கல், காது நன்றாகக் கேட்கிறது. அன்றைக்கு அவர் பக்கத்தில் யார் இருப்பார்கள்? மகன் சிரிப்பான். இன்ஜினியர் கணக்குச் சொல்வார். தம்பி என்று சொன்னவன் தன்னையும் திருடர்களோடு சேர்த்துவிட்டான் என்று அந்த மனுஷர் கூட்டத்துக்கு நடுவில் தெரிந்துகொள்ள வேண்டுமா?

அதனால் நானே அவரைக் கேட்டுவிட்டேன். மாணிக்கம் அண்ணன் கடைசியாகச் செய்த மெஷின் ஒன்று மலையில் இருக்கிறது, பார்க்க வருகிறீர்களா என்றேன். எந்த மலை, யாருக்குச் செய்தான் என்று ஒன்றும் கேட்கவில்லை. "எப்ப கெளம்புற?" என்றார். அதுவும் எனக்குச் சந்தேகமாக இருக்கிறது. நல்ல வியாபாரி அவர். ஒரு கேள்வியும் கேட்காமல் எதற்கும் தலையாட்டினவர் இல்லை. ஒருவேளை அவருக்கு எல்லாம் தெரியுமோ? உன்னைக் காட்டிக்கொடுக்கக் கூடாது என்று வருஷா வருஷம் பொட்டு வைத்தாரோ? ஆயுத பூஜையில் என்னை அப்படிக் கேட்டது, நான் வாயை விடுகிறேனா என்று பார்க்கத்தானோ?

வருகிற ஞாயிற்றுக்கிழமை அவர் காரில் கிளம்புகிறோம். இந்தக் கடிதம் அச்சில் வருவதற்குள் போய்த் திரும்பியிருப்போம். உனக்கு ஒன்று உறுதியாகச் சொல்கிறேன் அண்ணே. கொட்டகைக்குள் கூட்டிப்போய் அவரை மெஷின் பக்கத்தில் உட்காரவைப்பேன். வாயைத் திறக்க மாட்டேன். எப்படியும் அவர் குனிந்து, கையைத் தட்டுக்கு அடியில் விட்டுத் துழாவுவார். ஒன்றும் தட்டுப்படாது. அந்தக் கை அங்கே எவ்வளவு நேரம் தேடினாலும் நான் அவர் பக்கத்தை விட்டு நகர மாட்டேன். அவர் அழுதாலும் சரி, உன்னைத் திட்டினாலும் சரி, எனக்கு எப்பவோ தெரியுமே கோவிந்தா என்று சிரித்தாலும் சரி, அந்தக் கையை என் கையில் வாங்கி, மலையை விட்டு இறக்கி, அவர் வீட்டு நடுக்கூடம்வரை கொண்டுபோய் விடுவேன். சோறு போட்டால் சாப்பிட்டுவிட்டுத்தான் வருவேன்.

உன்மேல் சந்தேகமும் தீராமல், ஆசையும் தீராமல் இருக்கும்
உன் தம்பி
கோவிந்தன்